கார்டினரில் திருத்த வேலை ஏன் முடிவதே இல்லை?

வாசகர் கேள்வி: ஸ்காபரோவில் இருந்து மிசிசாகாவுக்கு வேலைக்குப் போகிறேன். ரொறன்ரோவின் கார்டினர் எக்ஸ்பிரஸ்வேயில் எப்போது பார்த்தாலும் ஏதோ ஒரு திருத்த வேலை. இவ்வளவு காசு கொட்டியும் ஏன் இந்த நிலை? அதன் அடியில் ஓடும் லேக் ஷோர் வீதி வழியாகப் போகும்போது கொங்கிரீட் துண்டு விழுமோ என்று பயமாகவும் இருக்கிறது. அப்படி விழுந்தால், அல்லது குழியில் இறங்கி டயர் போனால், யாரிடம் கேட்பது?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதில் ஒரு நாள் கெடு இருக்கிறது, பலர் அதைத் தவறவிடுகிறார்கள்.

சாலையைச் சரியாகப் பராமரிக்காததால்தான் சேதம் என்று ரொறன்ரோ மாநகர சபையிடம் இழப்பீடு கேட்பதானால், சம்பவம் நடந்து 10 நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். மாநகர சபையின் சேவை இலக்கமான 311ஐ அழைத்துக் குழி இருப்பதாகச் சொல்வது நல்ல காரியம்தான், ஆனால் அது இந்த அறிவித்தல் ஆகாது. தேதி, நேரம், எந்தத் திசை, எந்த வெளியேறும் வழிக்கு அருகில் என்பதையெல்லாம் குறித்து, படங்களோடும் ரசீதுகளோடும் அனுப்புங்கள். கார்டினரை ஒன்ராறியோ மாகாண அரசு பொறுப்பேற்பதாக 2023 நவம்பரில் உடன்பாடு ஆனதால், யாருக்கு எழுதுவது என்ற குழப்பம் வரலாம். மாகாண நெடுஞ்சாலைகளுக்கும் இதே 10 நாள்தான், எனவே காத்திருக்க வேண்டாம். படம் எடுப்பதற்காக எக்ஸ்பிரஸ்வேயில் மட்டும் வண்டியை நிறுத்தாதீர்கள். அடுத்த வழியில் இறங்கிய பிறகு எடுத்தால் போதும்.

அறிவித்தால் காசு வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். சாலைக்குப் பொறுப்பானவர்கள் அதை விதிப்படி பார்வையிட்டு, உரிய காலத்துக்குள் திருத்தியிருந்தால் கோரிக்கை பெரும்பாலும் நிராகரிக்கப்படும். அதனால் உங்கள் வாகனக் காப்புறுதியையும் பாருங்கள். மேலிருந்து விழும் பொருளால் வரும் சேதம் காம்பிரிஹென்சிவ் பிரிவில் வரும். குழியால் வரும் சேதம் கொலிஷன் பிரிவில் வரும். சேதச் செலவில் உங்கள் பங்காக நீங்கள் கட்ட வேண்டிய தொகை (deductible) இரண்டுக்கும் வேறாக இருக்கலாம்.

சரி, ஏன் இந்த நிலை?

கார்டினர் 1955க்கும் 1966க்கும் இடையில் பகுதி பகுதியாகக் கட்டப்பட்டது. பெருநகர ரொறன்ரோ சபையின் முதல் தலைவர் பிரெடெரிக் கார்டினரின் பெயர் அதற்கு. நெடுஞ்சாலை 427இல் தொடங்கி டொன் வலி பார்க்வே வரை சுமார் 18 கிலோமீட்டர். மேற்குப் பாதி தரையில் ஓடுகிறது. டஃபரினை நெருங்கும் இடத்தில் மேலே ஏறி, பிறகு டொன் ஆறு வரை தூண்களின் மேலேயே போகிறது. அதாவது டவுன்டவுனில் நீங்கள் ஓட்டுவது சாலையில் அல்ல, சுமார் 7 கிலோமீட்டர் நீளமான ஒரு பாலத்தில்.

அந்தப் பாலத்தின் எதிரி உப்பு. பனிக்காலத்தில் வீதிக்கு உப்புக் கொட்டுவது வட அமெரிக்காவில் பெருவழக்கானதே அது கட்டப்பட்ட காலத்தில்தான். அப்போதைய பாலங்களில் எபோக்சி பூசிய கம்பியோ துருப்பிடிக்காத கம்பியோ இருக்கவில்லை. கொங்கிரீட்டின் காரத்தன்மை உள்ளிருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கும். உப்பிலுள்ள குளோரைடு கம்பிவரை ஊறிப் போனதும் அந்தக் காப்பு உடைகிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பது. கம்பியைச் சுற்றி அது பருக்கப் பருக்க, கொங்கிரீட் உள்ளுக்குள் தட்டுத் தட்டாகப் பிரிகிறது. பிளவில் தண்ணீர் புகுந்து உறைந்தால் இன்னும் விரியும். பாலத் துண்டுகள் சந்திக்கும் ஜாயின்ட் ஒழுகினால் உப்புத் தண்ணீர் நேராகத் தூண் தலையில் இறங்கும். லேக் ஷோரில் போகும்போது தூண் உச்சியில் பழுப்புக் கறை தெரிந்தால், அதற்கு நேர் மேலே ஒரு ஜாயின்ட் இருக்கும்.

பழுதான இடத்தை மட்டும் வெட்டி எடுத்துப் புதுக் கொங்கிரீட் போட்டால் தீராதா என்று கேட்பார்கள். தீராது. புதுப் பகுதியில் உப்பு இல்லை, சுற்றியுள்ள பழைய பகுதியில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே உண்டாகும் மின்வேதியியல் வேறுபாட்டால், ஒட்டின் விளிம்பை அடுத்த பழைய பகுதியில் துரு இன்னும் வேகமாகும். சில வருடங்களில் அதன் அருகிலேயே அடுத்த பெயர்ப்பு. ஒட்டுப் போட்டே காலம் கடத்தியதுதான், என் கணிப்பில், இந்தச் சாலைக்கு நடந்த பெரிய அநியாயம்.

இப்போது நடப்பது வேறு வேலை. பழைய தளத்தையே அகற்றிப் புதிதாக வைக்கிறார்கள். ஜார்விஸ் வீதி முதல் செரி வீதி வரை 2021இல் முடிந்தது. தொழிற்சாலையில் வார்த்துக் கொண்டுவந்த பலகங்களை அங்கே பொருத்தினார்கள். டஃபரின் முதல் ஸ்ட்ராகன் வரை 2024 வசந்தத்தில் தொடங்கியது. திசைக்கு இரண்டு லேன் மட்டும் விட்டு, 2027வரை இழுக்கும் என்று சொன்னார்கள். மாகாண அரசின் பணத்தில் இரவும் பகலும் வேலை நடந்ததால் 2025 அக்டோபரில் எல்லா லேன்களும் திறந்தன. நாளொன்றுக்குச் சுமார் 1,40,000 வாகனங்கள் போகும் சாலையை மொத்தமாக மூட முடியாது. ஒரு துண்டு முடிந்து அடுத்த துண்டுக்குப் போவதைத்தான் நீங்கள் முடிவில்லாத வேலையாகப் பார்க்கிறீர்கள். இன்னும் துண்டுகள் இருக்கின்றன.

இடித்துவிடலாமே என்ற வாதமும் பழையது. லெஸ்லி வரை நீண்டிருந்த கிழக்கு வால் 1999 முதல் 2001 வரை இடிக்கப்பட்டது. மிச்சமுள்ள கிழக்குப் பகுதியை இடிப்பதா, மாற்றிக் கட்டுவதா என்று 2015இல் மாநகர சபையில் வாக்கெடுத்தபோது 24க்கு 21 என்று மாற்றிக் கட்டும் பக்கம் வென்றது. ஸ்காபரோக்காரர் என்பதால் இதையும் சொல்ல வேண்டும்: இந்தச் சாலை உங்கள் பக்கம் நீள்வதாகத்தான் முதல் திட்டம். எதிர்ப்பு வலுத்து 1970களில் அது கைவிடப்பட்டது.

அப்புறம், உங்கள் பயம். 2012இல் அடுத்தடுத்துத் துண்டுகள் விழுந்தது உண்மை. ஒன்ராறியோவில் பாலங்களை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பொறியாளர் மேற்பார்வையில் பார்வையிட வேண்டும் என்பது சட்டம். சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள். பொள்ளென்று ஒலித்தால் உள்ளே பிரிந்திருக்கிறது என்று பொருள். அந்தத் தளர்ந்த பகுதியை விழுமுன் கொத்தி இறக்கிவிடுவார்கள். கீழிருந்து பார்க்கும்போது துருக் கம்பி தெரியும் பள்ளங்களில் பெரும்பாலானவை அப்படிக் கொத்தப்பட்டவை. பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் விழக்கூடியது அங்கே ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது. ஓடும் வாகனத்துக்கு ஆபத்து மிகக் குறைவு. ஆனால் மார்ச், ஏப்ரலில் உறைவதும் உருகுவதும் மாறி மாறி வரும் நாட்களில், ஜாயின்டுக்கு நேர் கீழே மணிக்கணக்காக வாகனத்தை நிறுத்தாமல் இருப்பது நல்லது.

உங்கள் நகரசபை உறுப்பினரிடம் பேசக் கிடைத்தால் புதுத் தாரைப் பற்றிக் கேட்க வேண்டாம். ஜாயின்ட் எப்போது மாற்றப்படும், வடிகால் அடைப்பு எடுக்கிறார்களா, தாருக்கு அடியில் நீர்த்தடுப்புப் படலம் போட்டாயிற்றா என்று கேளுங்கள். தளத்தின் ஆயுள் அந்த மூன்றில்தான் இருக்கிறது.

அன்றாடப் பயணத்துக்கு: பராமரிப்புக்காக வார இறுதிகளில் முழுதாக மூடும்போது முன்கூட்டியே அறிவிப்பார்கள். ஜூனில் ஒரு ஞாயிறு சைக்கிள் நிகழ்வுக்காகக் கார்டினரும் டொன் வலியும் மூடப்படும். அந்த நாட்களில் நெடுஞ்சாலை 401ஐ விடவும், கில்ட்வுட்டிலோ ரூஜ் ஹில்லிலோ கோ ரயிலில் ஏறி யூனியன் நிலையம் வழியாக மிசிசாகாவின் போர்ட் கிரெடிட் போவது பல நேரம் நிம்மதியாக இருக்கும்.