எழுத்துக் கேள்வியால் என்ன ஆகும்? வட சென்னை நண்பர்களுக்குப் பதில்

ஒரு நாடாளுமன்ற உறுப்பினருக்கு அவைக் கேள்விகள் எழுதித் தரும் வேலையில் சில காலம் இருந்தேன். அதுபற்றி நம் பகுதி நண்பர்கள் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

தண்டையார்பேட்டையிலிருந்து: அண்ணே, டிவியில கேள்வி நேரம் காட்டறாங்க. எழுத்துல பதில் வர்ற கேள்வின்னா என்ன?

மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20தான். அமைச்சர் எழுந்து பதில் சொல்வார், துணைக்கேள்வியும் கேட்கலாம். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் பட்டியல் முடிவது அபூர்வம். குறியிடாத கேள்விகள் 230 வரை போகும். அவற்றுக்கு எழுத்தில் பதில் வைப்பார்கள். 2020இல் கொரோனாவைக் காரணம் காட்டி மழைக்காலத் தொடரில் கேள்வி நேரத்தையே நிறுத்தியபோதும் இந்தப் பதில்கள் வந்தன. கேமரா திரும்பிப் பார்க்காத இந்தத் தாள்கள்மேல்தான் எனக்கு நம்பிக்கை அதிகம்.

எர்ணாவூரிலிருந்து: 2023 டிசம்பர் வெள்ளத்தோட எண்ணூர் கழிமுகத்துல எண்ணெய் படர்ந்துச்சே. அதைக் கேட்டா "நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது"ன்னுதானே பதில் வரும்?

கேள்வியைப் பொறுத்தது, தம்பி. "கழிமுக மாசைத் தடுக்க அரசு நடவடிக்கை எடுக்குமா?" என்று கேட்டால் நீங்கள் சொன்ன அதே வரிதான் வரும். துறைக்கு நழுவ இடம் வைக்காமல் எழுத வேண்டும். இப்படி:

(அ) எண்ணெய் படர்ந்த பின் கழிமுகத்தில் எந்தெந்தத் தேதிகளில், எந்தெந்த இடங்களில் நீர் மாதிரி எடுக்கப்பட்டது;
(ஆ) ஒவ்வொன்றின் ஆய்வு முடிவு என்ன;
(இ) துப்புரவுக்கு இதுவரை செலவான தொகை எவ்வளவு, அதை யார் கொடுத்தது?

இதற்குத் தேதியும் தொகையும் சொல்லித்தான் ஆக வேண்டும். மாதிரியே எடுக்கவில்லை என்றால் அதையும் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஒப்புதல் தாள் மீனவர் சங்கத்தின் கையில் இருந்தால் அடுத்த பேச்சுவார்த்தையில் அதிகாரி முன்னால் வைக்கலாம்.

இன்னொன்று, யாரிடம் கேட்பது? எண்ணெய் கசிந்ததாகச் சொல்லப்படும் மணலி சுத்திகரிப்பு ஆலை ஒன்றிய அரசின் பொதுத்துறை நிறுவனம், அதனால் ஒன்றிய பெட்ரோலியத் துறையை எம்.பி. கேட்கலாம். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தையும் மீன்வளத் துறையையும் கோட்டையில் எம்.எல்.ஏ. கேட்க வேண்டும். இரண்டு அவையிலும் கேட்டு, பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முரண்பாடு இருந்தால் அங்கேயே தெரியும். நீதிமன்றத்தில் இருக்கும் விஷயம் என்று சிலதைத் தள்ளுவார்கள். ஆகவே யார் குற்றவாளி என்று கேட்காமல் அளவும் செலவும் கேளுங்கள்.

கொருக்குப்பேட்டையிலிருந்து: ரயில்வே கேட் பிரச்சினைக்கு?

ரயில்வே என்றால் எம்.பி.யிடம் போங்கள். பக்கத்துத் தெருவில் குடிநீர் வரவில்லை என்றால் எம்.எல்.ஏ.விடம் போங்கள். குப்பை, தெருவிளக்கை மாமன்றத்தில் கவுன்சிலர் எழுப்பட்டும்.

வியாசர்பாடியிலிருந்து: "பரிசீலனையில் உள்ளது"ன்னு சொல்லிட்டா முடிஞ்சிடுச்சா சார்?

இல்லை, அங்கேதான் பிடி கிடைக்கிறது. "பரிசீலனையில் உள்ளது", "தகவல் சேகரிக்கப்பட்டு அவையில் வைக்கப்படும்" போன்ற வாக்கியங்கள் அரசின் உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும். மக்களவையில் 1953 முதல் இதற்கென்றே அரசு உறுதிமொழிக் குழு உண்டு. நம் சட்டமன்றத்திலும் உண்டு. டெல்லியில் மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும். முடியாவிட்டால் துறை கால நீட்டிப்புக் கேட்டுக் குழுவுக்குக் காரணம் எழுத வேண்டும். நீட்டிப்புக் கேட்டே ஆண்டுக்கணக்கில் இழுப்பதும் நடக்கிறது. அதைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது. உறுப்பினரிடம் விடாமல் நினைவூட்டுங்கள்.

பெரம்பூரிலிருந்து: தகவல் உரிமைச் சட்டத்துல பத்து ரூபாய்க்கே கேட்டுடலாமே?

கேளுங்கள், அது 30 நாளில் கோப்பில் இருப்பதைத் தரும். அவைப் பதிலுக்கு அமைச்சரே பொறுப்பு. வேண்டுமென்றே தவறான தகவல் தந்தால் அவையின் உரிமையை மீறிய பிரச்சினை ஆகும். எல்ஐசி பணம் தொழிலதிபர் முந்த்ராவின் கம்பெனிகளில் போடப்பட்டது பற்றி 1957இல் அவையில் எழுந்த கேள்விகள் நீதிபதி சாக்ளாவின் விசாரணை வரை போயின. நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவி விலகினார்.

கொடுங்கையூரிலிருந்து: எங்களை மாதிரி ஆளுங்க எம்.பி.கிட்ட கேள்வி கொடுக்கலாமா?

தாராளமாகக் கொடுக்கலாம், அம்மா. முழுதாக 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும். ஒரு உறுப்பினர் ஒரு நாளைக்கு ஐந்து கேள்விக்குத்தான் நோட்டீஸ் தர முடியும். கூட்டத்தொடர் தேதி அறிவித்த வாரமே போய்விடுங்கள். கேள்வி 150 சொல்லைத் தாண்டக் கூடாது. இடம், தேதி, துறையின் பெயர் மூன்றும் இருக்கட்டும். ஆதாரத் தாளின் நகலையும் இணையுங்கள். கேள்வி பட்டியலில் வந்ததும் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது இருந்தால் பதிலை நாடாளுமன்ற இணையதளத்தில் நீங்களே எடுத்துவிடலாம்.