பேரியம் தைத்தனேற்றின் அவத்தை மாற்றம் செந்நிறக்கீழ் நிறமாலையில் ஏன் தெரியவில்லை?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் படிக்கிறோம். பேரியம் தைத்தனேற்றுத் தூளைப் பொற்றாசியம் புரோமைட்டு வில்லையாக அழுத்தி நிறமாலை எடுத்தோம். சென்ரிமீற்றருக்கு 550 அலைவெண் அருகே அகன்ற பட்டை ஒன்று. 120 பாகை செல்சியசைத் தாண்டிச் சூடாக்கியும் அது அப்படியே இருக்கிறது. அந்தச் சூட்டில் வரவேண்டிய அவத்தை மாற்றம் (பளிங்கின் அமைப்பு மாறுவது) நடக்கவில்லையா?

பதில்: நடந்திருக்கிறது. நீங்கள் பார்த்தது தைத்தேனியம்–ஒட்சிசன் பிணைப்பு நீண்டு குறுகும் அதிர்வு. சாலகத்தின் (அயன்களின் ஒழுங்கான அடுக்கின்) அவத்தை மாறினாலும் அது அதிகம் அசைந்துகொடுக்காது. மாற்றத்தை நடத்துவது, தைத்தேனியம் ஒரு பக்கமும் ஒட்சிசன் கூடு எதிர்ப்பக்கமும் அசைகிற மெதுவான அதிர்வு. பளிங்கு குளிரக் குளிர அதன் மீள்விசை தளர்ந்து மீடிறன் இறங்கும். கடைசியில் அயன்கள் நடுவுக்குத் திரும்பாமல் ஒருபக்கமாகவே நின்றுவிடும். பெரோமின் முனைவாக்கம், அதாவது வெளி மின்புலம் இல்லாமலே பளிங்கில் நிற்கும் மின்முனைவு, என்பது அதுதான். பௌதிகவியலாளர் கொக்ரன் 1960 இல் இந்தக் கோட்பாட்டை முன்வைத்தார்.

அந்த அதிர்வு இருப்பது தொலைச் செந்நிறக்கீழ்ப் பகுதியில். பொற்றாசியம் புரோமைட்டு ஏறத்தாழ 400 இற்குக் கீழே ஒளியை விடாது. ஆகவே நீங்கள் தேடியது உங்கள் வரைபடத்துக்கு வெளியே இருக்கிறது. (மாரியில் எங்கள் ஊர்க் காற்றிலிருந்து அந்த உப்பு ஈரத்தை இழுத்துக்கொள்ளும், 3400, 1640 அருகே பட்டைகள் வந்தால் அவை தண்ணீருடையவை.)

இராமன் நிறமாலை (பொருளில் பட்டுச் சிதறும் ஒளியின் நிறமாலை) உதவுமா என்றால், 120 பாகைக்கு மேலே உள்ள கனசதுர அவத்தையில் முதல்வரிசை இராமன் கோடுகளுக்குச் சமச்சீர் இடம் தருவதில்லை. இந்த இரண்டில், அங்கே இருமுனைவை மாற்றும் அதிர்வை நேரே காட்டக்கூடியது செந்நிறக்கீழ்க் கதிர்தான். தனிப்பளிங்கின் முகத்தில் பட்டுத் தெறிக்கும் கதிரை அளப்பார்கள். ஊடுகடத்தினால் பளிங்கு எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

பேரியம் தைத்தனேற்றில் இந்த அதிர்வு மிகையாகத் தணிக்கப்படுவதால் (ஆடத் தொடங்குமுன்னே அடங்கிவிடுவதால்) தெளிவான உச்சி கிடைப்பது கடினம். ஸ்ரொன்சியம் தைத்தனேற்று எவ்வளவோ அழகானது. பாக்கரும் திங்கமும் 1962 இல் அதைத் தொலைச் செந்நிறக்கீழில் அளந்தார்கள். அறை வெப்பநிலையில் 90 அளவில் இருக்கும் அலைவெண், திரவ ஹீலியத்தின் குளிரில் 10 அளவுக்கு இறங்குகிறது. அதே குளிரில் மின்னுழைய மாறிலி (மின்புலத்தில் பொருள் எவ்வளவு முனைவாகும் என்பதன் அளவு) சுமார் 300 இலிருந்து 20,000 இற்கு மேலே ஏறுகிறது. 1941 இல் லிடேன், சக்ஸ், தெலர் தந்த தொடர்பின்படி, மற்ற அதிர்வுகள் மாறாதிருந்தால் மாறிலி இந்த மீடிறனின் வர்க்கத்துக்கு நேர்மாறாகச் செல்ல வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள், பொருந்தும்! எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த இடம் இது.

உங்களுக்கான வழியும் இதிலேயே இருக்கிறது. தொலைச் செந்நிறக்கீழ்க் கருவி தேவையில்லை. தூளை வில்லையாக அழுத்திச் சுட்டு, இருபுறமும் வெள்ளிப் பூச்சிட்டு, சிலிக்கோன் எண்ணெய்த் தொட்டியில் 150 பாகை வரை சூடாக்கி, ஆறவிடும்போது கொள்ளளவத்தை அளவிடுங்கள்; அதிலிருந்து மின்னுழைய மாறிலி கிடைக்கும். 120 இற்கு மேலே, மாறிலியின் தலைகீழை வெப்பநிலைக்கு எதிரே வரைந்தால் நேர்கோடு வரும். அதை நீட்டினால் வெப்பநிலை அச்சை 120 இற்குச் சற்றுக் கீழே வெட்டும். அதை வழு என்று ஒதுக்காதீர்கள். மாற்றம் முதல்வரிசையானது, அதாவது படிப்படியாக அல்லாமல் ஒரே தாவலில் நடப்பது, என்பதால்தான் அப்படி.