"செத்தா எங்க பிள்ளை போறது?" – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, அம்மாவுக்கு 84 வயசு. ரெண்டு கிட்னியும் ஏலாமப் போச்சு. டயலிசிஸ் செய்து பாப்பம் எண்டு டொக்டர் சொல்ல, "எனக்கு உது வேண்டாம், வீட்டில விடுங்கோ" எண்டு அம்மா தெளிவாச் சொல்லிப்போட்டா. கனடாவில இருக்கிற அண்ணா "அப்ப அம்மாவைச் சாக விடப்போறியோ" எண்டு போனில ஒரே சண்டை. இரவில அம்மா என்னைக் கூப்பிட்டு "செத்தா எங்க பிள்ளை போறது?" எண்டு கேக்கிறா. நான் "உந்தக் கதையை விடுங்கோ" எண்டு எழும்பிப் போயிடுவன். என்ன மறுமொழி சொல்ல?
– ஒரு வாசகி, கோண்டாவில்

பதில்: தங்கச்சி, முதல்ல எழும்பிப் போறதை விடுங்கோ. அவ அதைக் கோயில் ஐயரிட்டக் கேக்கேல்ல, உங்களிட்டத்தான் கேக்கிறா. பக்கத்தில இருந்து "நீங்கள் என்னம்மா நினைக்கிறியள்?" எண்டு திருப்பிக் கேளுங்கோ, கேட்டிட்டுப் பேசாம இருங்கோ.

சைவம் சொல்லுறது உங்கட அம்மாவுக்குத் தெரியாததில்லை. உடம்புதான் அழியுது, உயிர் தன்ர வினையோட கண்ணுக்குத் தெரியாத சூக்கும உடம்பில போய், அனுபவிக்கிறதை அனுபவிச்சு, திரும்பப் பிறக்கும், ஆணவம் மாதிரி உயிரைப் பிடிச்சிருக்கிற மலம் (அழுக்கு) கழண்டு முத்தி கிடைக்கிற வரைக்கும் இப்பிடித்தான் எண்டு சின்ன வயசில இருந்து கோயிலில புராணபடனம் கேட்டு வளர்ந்த தலைமுறை அது, எங்களை விட அவைக்குக் கூடத் தெரியும். அப்ப அவ ஏன் கேக்கிறா? நான் பாத்த அளவில இந்தக் கேள்விக்குக் கீழ வேறை கேள்வி கிடக்கும். அப்பாவைக் காணுவனோ, சாகேக்க நோகுமோ, நான் போனாப் பிறகு இவள் தனிய என்ன செய்வாள், இதுகள். எங்கட ஊரில இன்னொண்டும் இருக்கு, ஆர் கொள்ளி வைக்கிறது எண்ட யோசனை. பிள்ளையள் வெளிநாட்டில, மகன் வந்து இறங்கும் வரைக்கும் உடம்பை மலர்ச்சாலையில வைச்சிருக்கிறது, வர ஏலாட்டி செத்தவீட்டை லைவ்ல காட்டுறது, இதெல்லாம் அயலில பாத்துப் பாத்து அவவின்ர மனசுக்குள்ள எப்பிடி ஓடுதோ ஆருக்குத் தெரியும். கேட்டுப் பாருங்கோ. அண்ணா வந்து சேராட்டி ஆர் வைக்கவேணும், ஆற்ர பேரன், இல்லாட்டி நீங்களே வைக்கிறதோ எண்டு அவவே சொல்லட்டும், சொல்லுறதுக்கு உரிமை உள்ள ஆள் அவதான்.

என்ர எண்ணத்தைக் கேட்டா, நான் சைவக்காரி, உயிர் போய் முடியிறதில்லை எண்டு முழு மனசா நம்புறன். ஆனா அதை நிரூபிச்சுக் காட்டுறன் எண்டு வெளிக்கிடமாட்டன். யூடியூப்பில "செத்துப் பிழைச்சவர் கண்ட காட்சி" எண்டு வாறதைப் பாத்துப் பயப்பிடவும் வேண்டாம், ஆறுதல் படவும் வேண்டாம். இதை ஒழுங்கா ஆராய்ஞ்ச ஆக்களும் இருக்கினம். 2014ல வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில, ஆஸ்பத்திரியில இதயம் நிண்டுபோன 2060 சம்பவங்களை எடுத்திச்சினம், அதில பிழைச்சது 330 பேர், கதைக்கக்கூடிய நிலையில இருந்தது 140 பேர். சிலருக்கு ஒளி, அமைதி மாதிரி அனுபவம் இருந்தது உண்மை. உடம்பை விட்டு மேல போய் நிண்டு பாத்தா மட்டும் தெரியிற மாதிரி உயரத்தில படங்களும் வைச்சுப் பாத்தவை, அதைக் கண்டதெண்டு ஒருத்தரும் சொல்லேல்ல. மறுமை இருக்கெண்டதுக்கும் இல்லையெண்டதுக்கும் அது சாட்சி இல்லை. நம்பிக்கையை நம்பிக்கையாவே வைச்சிருப்பம்.

இனி அண்ணாவின்ர கதை. டயலிசிஸ் எண்டா கிழமையில ரெண்டு மூண்டு தரம் போய், ஒவ்வொரு தரமும் நாலு மணித்தியாலம் மட்டில மெசினோட கிடக்கவேணும், வேறை வருத்தங்களும் உள்ள தளர்ந்த ஆக்களுக்கு அது ஆயுளைக் கூட்டுறதும் கனக்க இல்லை. வேண்டாம் எண்டு யோசிச்சுச் சொல்லுற ஆளை வீட்டில வைச்சுப் பாக்கிறதைக் கொலை எண்டு சொல்லக்கூடாது. ஆனா அண்ணாவோட நீங்கள் சண்டை பிடிக்காதேங்கோ, தூர இருந்துகொண்டு ஒண்டும் செய்ய ஏலாத குற்ற உணர்ச்சிதான் அவருக்குக் கோவமா வருது. டொக்டரிட்ட நேரம் கேட்டு, அம்மாவையும் இருத்தி, வீடியோ கோலில அண்ணாவையும் எடுங்கோ, அம்மா தன்ர வாயால சொல்லட்டும். மூச்சு வாங்கிறது, உடம்பு அரிக்கிற கடி, சத்தி, கால் வீக்கம் இதுகளுக்கு மருந்து இருக்கு, "டயலிசிஸ் வேண்டாம்" எண்டது "வைத்தியமே வேண்டாம்" எண்டதில்லை. இதைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கோ.

கடைசி நாளுகளில சாப்பாடு குறையும், உடம்பு கேக்காது. "ஒரு வாய் சாப்பிடணை" எண்டு தீத்தாதேங்கோ, புரைக்கேறும். பால் பருக்கிறதெண்டாலும் பஞ்சில நனைச்சு உதட்டில தொட்டுவிட்டாக் காணும், சொந்தக்காரர் வரிசையில வந்து கரண்டியால ஊத்த விடாதேங்கோ. சேடம் இழுக்கிற சத்தம் கேக்க எங்களுக்குத்தான் நெஞ்சைப் பிழியும், அனேகமா அவவுக்கு அந்த நேரம் அது வேதனையாத் தெரியாது, ஒரு பக்கமாச் சரிச்சுப் படுக்க வைச்சாச் சத்தம் குறையும். கண் திறக்காட்டியும் கதையுங்கோ. 2020ல கனடாவில பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில, நினைவில்லாமக் கிடந்த சாகப்போற ஆக்களின்ர மூளை சத்தத்துக்கு அசையுது எண்டு கண்டுபிடிச்சவை. அண்ணாவுக்கு அடிச்சு, போனை அம்மாவின்ர காதில வைச்சுப் பிடியுங்கோ, அவர் அழுதாலும் பரவாயில்லை.

கேள்வி: எனக்கு மறுபிறப்பில நம்பிக்கை இல்லை. அப்பாவின்ர 31ம் நாளுக்கு அந்தியேட்டிக் கிரியை செய்யத்தான் வேணுமோ?
– ஒரு வாசகர், சுன்னாகம்

பதில்: உங்கட அம்மா விரும்பிறாவோ எண்டு கேளுங்கோ, விரும்பினாச் செய்யுங்கோ. நம்பாத ஆளும் கீரிமலையில இறங்கி அஸ்தியைக் கரைக்கேக்க கை நடுங்கிறதைக் கண்டிருக்கிறன். சண்டைக்காலத்தில அந்தப் பக்கம் உயர் பாதுகாப்பு வலயமாக் கிடந்து போக ஏலாத வருசங்களில சனம் கிட்ட இருந்த கடலில கரைச்சிட்டு, இடம் மாறிப்போச்சே எண்டு எவ்வளவு காலம் மனம் நொந்ததெண்டு வீட்டில பெரியாக்களைக் கேளுங்கோ, இது உயிர் எங்க போகுது எண்டது மட்டும் இல்லை எண்டு விளங்கும். ஆனா ஊரைக் கூப்பிட்டுச் சாப்பாடு குடுக்கவும் கலரில கல்வெட்டு எண்ட நினைவுப் புத்தகம் அடிக்கவும் கடன் படாதேங்கோ. அதை அப்பாவும் விரும்பியிருக்கமாட்டார்.

கேள்வி: 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலால வரேக்க அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனவை, இண்டைவரைக்கும் ஒரு தகவலும் இல்லை. அம்மா இப்பவும் பொட்டு வைக்கிறா. "ஆடி அமாவாசைக்கு விரதம் பிடி, அவற்ற ஆத்மா சாந்தியடையும், உண்மையை ஏற்றுக்கொள்" எண்டு சித்தப்பா சொல்ல அம்மா மூண்டு நாள் சாப்பிடேல்ல. காணி அலுவலும் நிண்டுபோய்க் கிடக்கு.
– ஒரு மகள், யாழ்ப்பாணம்

பதில்: பிள்ளை, உங்கட சித்தப்பா நல்ல எண்ணத்திலதான் சொல்லியிருப்பார், எண்டாலும் அவர் சொன்னது பிழை. கோண்டாவில் தங்கச்சிக்குச் சொன்னது உங்கட அம்மாவுக்குப் பொருந்தாது. அங்க சாவு கண்ணுக்கு முன்னால வருது, கையைப் பிடிச்சிருக்கலாம். இங்க உடம்பு இல்லை, திகதி இல்லை, ஆர் பொறுப்பெண்டு சொல்ல ஆள் இல்லை. எதை ஏற்றுக்கொள்ளச் சொல்லுறியள்? 2017 பெப்ரவரியில கிளிநொச்சியில காணாமற்போன பிள்ளையளைக் கேட்டு றோட்டுக்கரையில போராட்டமாக் குந்தின தாய்மார் கேட்டதும் இதைத்தான், மறுமொழி கேக்காமலே அதில எத்தினை பேர் செத்துப்போச்சினம்.

யாழ்ப்பாணத்துச் சித்தர் யோகர் சுவாமியின்ர "எப்பவோ முடிந்த காரியம்" எண்ட வாக்கை எங்கட செத்தவீடுகளில சொல்லுவினம். பெரிய வாக்கு, ஆனா தனக்குத்தானே சொல்லிக்கொள்ளுறதுக்கு. அழுகிற ஆளின்ர வாயை மூடுறதுக்கு அதை எடுத்தா அது வன்மம்.

போலின் பொஸ் எண்ட அமெரிக்க ஆய்வாளர், வியட்நாம் சண்டையில காணாமற்போன விமானிகளின்ர குடும்பங்களோட 1970களில வேலை செய்தவா. இருக்கிறாரோ இல்லையோ எண்டு தெரியாத இந்த இழப்பில "முடிச்சு வை" எண்டு தள்ளினா ஆள் இன்னும் இறுகும், ரெண்டு நினைப்பையும் ஒண்டாச் சுமந்துகொண்டு வாழப் பழகிறதுதான் ஏலக்கூடிய வழி எண்டு அவா சொல்லுறா. அம்மா பொட்டும் வைக்கலாம், அதே நாள் அப்பாவை நினைச்சு நயினாதீவு அம்மனுக்கு ஒரு அருச்சனையும் செய்யலாம், பேரும் நட்சத்திரமும் சொல்லி. அது திவசம் இல்லை. உங்களுக்கு அப்பாவுக்காக அழவேணும் போல இருந்தா நீங்கள் அழுங்கோ, அம்மாவுக்குத் துரோகம் செய்யிறதெண்டு நினைக்காதேங்கோ.

காணி அலுவலுக்கு மரணச் சான்றிதழ்தான் வேணும் எண்டு ஆரும் சொன்னா உடன கையெழுத்து வைக்காதேங்கோ. 2016ல வந்த சட்டத்திருத்தத்தின்படி ஆளைக் காணேல்ல எண்டு மட்டும் பதியிற சான்றிதழ் ஒண்டு எடுக்கலாம், அதில செத்தவர் எண்டு எங்கயும் எழுதாது. இந்த விசயங்களைப் பாக்க அரசாங்கம் அமைச்ச காணாமற்போன ஆட்களுக்கான அலுவலகத்தில கனபேருக்கு நம்பிக்கை இல்லை, காரணமும் இருக்கு, அதால இதை எடுக்கிறதோ விடுறதோ எண்டு அம்மாவே தீர்மானிக்கட்டும். எடுக்க வெளிக்கிட்டா முதல்ல ஒரு சட்டத்தரணியிட்ட உங்கட காணிக்கு இது காணுமோ எண்டு கேளுங்கோ, அலுவலகத்துக்கு அம்மாவைத் தனிய விடாமல் நீங்களும் லீவு போட்டுக் கூடப் போங்கோ.