வேறு சீட்டில் உட்கார்ந்திருக்கலாமே?

அன்புள்ள ஐயா,

ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அமெரிக்கக் கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸின் கதையைச் சொன்னேன். வேலை முடிந்து களைத்துப்போய் வந்தவர் பஸ்ஸில் எழ மறுத்தார், சட்டம் மாறியது என்று முடித்தேன். "வேறு சீட்டில் போய் உட்கார்ந்திருக்கலாமே டீச்சர்?" என்றாள் ஒரு சிறுமி. என்னிடம் பதில் இல்லை.

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

சரியான கேள்வி. கரும்பலகையில் ஒரு பஸ்ஸை வரைந்துகொள்ளுங்கள். அமெரிக்காவின் மாண்ட்கமரி நகர பஸ்ஸில் முன்னால் இருந்த பத்து இருக்கைகள் வெள்ளையருக்கு. கறுப்பின மக்கள் முன்வாசலில் ஏறிக் காசைப் போட்டுவிட்டு, இறங்கிப்போய்ப் பின்வாசலில் ஏற வேண்டும்; அதற்குள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடும் ஓட்டுநர்களும் உண்டு. 1955 டிசம்பர் 1 அன்று ரோசா உட்கார்ந்திருந்தது அந்தப் பத்துக்குப் பின்னால். முன்பகுதி நிரம்பி, ஒரே ஒரு வெள்ளையர் நின்றார். அவருக்காக ரோசாவின் வரிசையில் இருந்த நால்வரும் எழ வேண்டும் என்றார் ஓட்டுநர். ஏனென்றால், ஒரே வரிசையில் இரு நிறத்தவரும் உட்காரக் கூடாது. வேறு இடமும் காலியில்லை. மூவர் எழுந்து நின்றார்கள். ரோசா ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

'களைத்துப்போய்' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். எனக்கு அதன்மேல் கோபமே உண்டு. 42 வயதான அவர் கறுப்பின மக்களின் உரிமைச் சங்கக் கிளையில் செயலாளராக உழைத்தவர். உடம்பு அசரவில்லை, விட்டுக்கொடுத்துத்தான் அலுத்துப்போனேன் என்று பின்னாளில் அவரே எழுதினார்.

கிளாடெட் கோல்வினைப் பற்றியும் சொல்லுங்கள். அதே ஆண்டு மார்ச்சில், பள்ளி விட்டு வரும் வழியில் எழ மறுத்துக் கைதான மாணவி. வயது 15. அடிமைத்தனத்தை எதிர்த்த ஹேரியட் டப்மன் ஒரு தோளையும் சோஜர்னர் ட்ரூத் மறுதோளையும் அழுத்தி உட்காரவைத்ததுபோல் இருந்தது என்று சொன்னவர்.

ரோசா கைதான இரவில், கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த ஜோ ஆன் ராபின்சன் மாணவர்கள் இருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பஸ்ஸைப் புறக்கணிக்கச் சொல்லும் ஆயிரக்கணக்கான துண்டறிக்கைகளை விடிய விடிய சைக்ளோஸ்டைல் எடுத்தார். டிசம்பர் 5 முதல் 381 நாட்கள் கறுப்பின மக்கள் பஸ் ஏறவில்லை. நடந்தார்கள், கார்களைப் பகிர்ந்துகொண்டார்கள்.

சட்டத்தை வீழ்த்தியது ரோசாவின் வழக்கு அல்ல. நான்கு பெண்கள் தொடுத்த இன்னொரு வழக்கு. அவர்களில் ஒருவர் கிளாடெட். சாட்சி சொன்னபோது அவருக்கு 16 வயது. 1956 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. டிசம்பர் 21 அன்று, முன்வாசலில் காசு போட்டவர்கள் இறங்காமல் அப்படியே உள்ளே போய் உட்கார்ந்தார்கள்.