விண்ணப்பத்தில் ‘டீச்’ படும் பாடு

கேள்வி: செம்பூரில் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். பள்ளி வேலை ஒன்றுக்கு விண்ணப்பம் எழுதும்போது ‘ஐ ஆம் டீச்சிங் சின்ஸ் எயிட் இயர்ஸ்’ என்று போட்டேன். பத்தாவது படிக்கும் மகள் தப்பு என்கிறாள். ‘டீச்’ சாதாரணமாக இருக்கிறதே, ‘எஜுகேட்’ என்று போட்டால் எடுப்பாக இருக்குமா?

பதில்: மகள் சொல்வதுதான் சரி. ‘ஐ ஹேவ் பீன் டீச்சிங் ஃபார் எயிட் இயர்ஸ்’ என்று எழுதுங்கள். ‘எட்டு வருஷமாச் சொல்லிக்கொடுக்கிறேன்’ என்று தமிழில் நிகழ்காலத்திலேயே முடித்துவிடுகிறோம். போதாக்குறைக்கு, மும்பையில் நாள் முழுக்கக் காதில் விழும் இந்தி ‘ஆட் சால் ஸே’யின் (எட்டு வருஷமாக) ‘ஸே’ அப்படியே ‘சின்ஸ்’ ஆகி உட்கார்ந்துகொள்கிறது. தொடங்கிய வருஷத்தைச் சொன்னால் ‘சின்ஸ் 2017’; எத்தனை வருஷம் என்றால் ‘ஃபார்’.

அடுத்தது ‘டு’. ‘பிள்ளைகளுக்கு’ என்பதில் உள்ள ‘கு’வை நினைத்து ‘ஐ டீச் டு சில்ட்ரன் மேத்ஸ்’ என்று எழுதிவிடுவோம். பிள்ளைகள் முதலில் வந்தால் ‘டு’ வேண்டாம்: ‘ஐ டீச் சில்ட்ரன் மேத்ஸ்’. பாடம் முதலில் வந்தால் வேண்டும்: ‘ஐ டீச் மேத்ஸ் டு சில்ட்ரன்’.

இறந்தகாலம் ‘டாட்’. ‘டீச்ட்’ என்று யாரும் எழுதுவதில்லை. ஆனால் ‘ஷீ தாட் மீ மேத்ஸ்’ என்று பட்டதாரிகளே எழுதுகிறார்கள். ‘தாட்’ என்றால் நினைத்தாள். கற்பித்ததற்கு டி, ஏ, யு, ஜி, ஹெச், டி. முதல் ‘டி’க்குப் பக்கத்தில் ‘ஹெச்’சும், ‘ஏ’ இருந்த இடத்தில் ‘ஓ’வும் வந்துவிட்டால் நினைப்புதான் மிஞ்சும். ஸ்பெல்-செக் இதைப் பிடிக்கும் என்று நம்பியிருக்காதீர்கள், இரண்டுமே சரியான சொற்கள்தானே.

இனி ‘எஜுகேட்’. வேண்டாம் என்பதே என் யோசனை. அது லத்தீனில் ‘வளர்த்து ஆளாக்கு’ என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. ஒரு பிள்ளையின் முழுப் படிப்பையும் குறிக்கும். ‘மூன்று பிள்ளைகளையும் படிக்க வைத்தார்’ என்று ஒரு தகப்பனாரைச் சொல்ல அது பொருத்தம். மாலை நேரத்தில் பின்னக் கணக்கு சொல்லிக்கொடுப்பதற்கு அதைப் போட்டால் படிப்பவர் புருவம் உயரும். ‘இன்ஸ்ட்ரக்ட்’டில் உத்தரவிடும் தொனி உண்டு, கட்சிக்காரர் வக்கீலிடம் இன்னது செய்யுங்கள் என்று சொல்வதற்கும் அதே சொல்தான். ‘டிரெயின்’ கைப்பழக்கத்துக்கு, நீச்சல், தட்டச்சு போல. ‘கோச்’ மட்டும் வேடிக்கையானது. ஹங்கேரியில் கோச் என்ற ஊரில் செய்த குதிரை வண்டிக்கு அந்தப் பெயர். மாணவனைப் பரீட்சைக்கு அப்பால் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஆளை 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பல்கலைக்கழக மாணவர்கள் கிண்டலாக அப்படி அழைத்தார்கள். நுழைவுத் தேர்வுக்குத் தயார் செய்கிறீர்கள் என்றால் தாராளமாகப் போடலாம்.

‘டீச்’ சாதாரணச் சொல்தான், ஆனால் வேர் ஆழமானது. பழைய ஆங்கிலத்தில் அதற்குக் ‘காட்டு, சுட்டு’ என்று பொருள். அடையாளத்தைக் குறிக்கும் ‘டோக்கன்’ அதன் உறவு. இன்னும் பின்னால் போனால் சமஸ்கிருதத்தின் ‘திஸ்’ என்ற வேரும் அதே குடும்பம். நாம் சொல்லும் திசை, உபதேசம் எல்லாம் அங்கிருந்து வந்தவை. பழைய ஆங்கிலத்தில் கற்பிப்பதற்குப் பொதுவாக வழங்கிய சொல் வேறு, இன்றைய ‘லேர்ன்’னுக்குச் சொந்தக்காரச் சொல். பிறகு ‘லேர்ன்’னுக்கே கற்பித்தல் என்ற பொருளும் வெகுகாலம் இருந்தது. இன்று ‘ஐ வில் லேர்ன் யூ’ என்றால் கொச்சை.

டெமோ வகுப்பு எடுத்தபின் குறிப்பு எழுதச் சொன்னால் ஒன்றில் கவனம் வையுங்கள். ‘ஐ டாட் த சில்ட்ரன் எ லெசன்’ என்று எழுதிவிடாதீர்கள். தமிழில் ‘அவனுக்குப் பாடம் புகட்டினேன்’ என்றால் என்ன அர்த்தமோ அதேதான் அங்கேயும். ‘ஐ டாட் எ லெசன் ஆன் ஃபிராக்ஷன்ஸ்’ என்று பாடத்தின் பெயரைச் சேர்த்துவிட்டால் வம்பில்லை.