கடலோரக் கிட்டங்கிக்கு எந்தப் பிளாஸ்டிக் பேலட் பொருந்தும்?

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளிக்கு அருகில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு கிட்டங்கி இருக்கிறது. தகரக் கூரை, சிமெண்டுத் தளம். முண்டு மிளகாய், கருவாடு, உப்பு ஆகிய மூன்றையும் இருப்பு வைக்கிறோம். அதை ஒட்டி மைனஸ் 18 டிகிரியில் இயங்கும் சிறிய குளிர் அறையும் உண்டு. ஏற்றுமதிக்குப் போகும் இறால், கணவாய் அட்டைப்பெட்டிகளை அதில் வைக்கிறோம். இதுவரை பனஞ்சட்டங்களைப் பரப்பி அவற்றின் மேல் மூட்டைகளை அட்டியாக அடுக்கி வந்தோம். இப்போது, பேலட் எனப்படும் அடித்தட்டின் மேல் சரக்கை அடுக்கி அப்படியே தூக்கி நகர்த்த, கையால் தள்ளும் ஹேண்ட் பேலட் டிரக் வாங்கியிருக்கிறோம். அடுத்த ஆண்டு இரண்டு அடுக்கு ரேக் போட எண்ணம். பேலட் விற்பவர் மூன்று வகை காட்டிவிட்டு, மலிவான கறுப்புப் பேலட்டே நான்கு டன் தாங்கும், எல்லா இடத்துக்கும் அதுவே போதும் என்கிறார். வாங்கலாமா?

பதில்: எல்லா இடத்துக்கும் அதையே வாங்க வேண்டாம். அவர் சொன்ன நான்கு டன் பொய்க் கணக்காக இருக்க வேண்டியதில்லை. ஆனால் உங்களுக்குத் தேவையான விடை அந்த எண்ணில் இல்லை. ஒரு பேலட்டுக்கு மூன்று விதமான தாங்குதிறன் உண்டு. சமதளமான தரையில் அசையாமல் கிடக்கும்போது அது தாங்குவது ஒன்று. வண்டியின் ஃபோர்க் கம்பிகள் அடியில் நுழைந்து தூக்கி நகர்த்தும்போது தாங்குவது மற்றொன்று. ரேக்கில் இரண்டு விட்டங்களின் மேல் மட்டும் அமர்ந்து, நடுவில் எந்த முட்டும் இல்லாமல் தாங்குவது இன்னொன்று. தரையில் நான்கு டன் தாங்கும் பேலட் நகரும்போது ஒன்று அல்லது ஒன்றரை டன்னைத்தான் தாங்கும். ரேக்கில் அந்த அளவு ஒரு டன்னுக்கும் கீழே இறங்கிவிடுவது சாதாரணம். சில வகைகளை ரேக்கில் ஏற்றவே கூடாது. விற்பவர்கள் முதல் எண்ணைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். மூன்றாவதை எழுதித் தரத் தயங்கினால் அந்தப் பேலட் ரேக்குக்கு உரியதல்ல என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்ததாகப் பேலட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன் அடிப்பகுதியைப் பாருங்கள். ஒன்பது கால்கள் மட்டும் தனித்தனியாக நின்றால் அது ஒன்றுக்குள் ஒன்று செருகி அடுக்கும் வகை. எடை குறைவு, விலையும் குறைவு, காலியாக இருக்கும்போது இடத்தை அடைக்காது. தரையில் ஓர் அட்டி போட்டு வைக்க அது போதும். ஆனால் சரக்கு ஏற்றிய பேலட்டின் மேல் இன்னொன்றை ஏற்றினால், மேலே உள்ளதன் முழுப் பாரமும் அந்த ஒன்பது கால்களின் வழியாகக் கீழ் மூட்டைகளில் குத்திட்டு இறங்கும். மிளகாய்ச் சாக்கில் அப்படி இறங்கினால் பழம் நொறுங்கி விதை கொட்டும். முண்டு மிளகாய்க்கு விலையே அதன் உருண்டை வடிவத்துக்கும் பளபளப்பான தோலுக்கும்தான் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றின் மேல் ஒன்று ஏற்றுவதாக இருந்தால், கால்களை நீளவாக்கில் இணைக்கும் மூன்று சட்டங்கள் கொண்ட அடிப்பகுதியோ, சுற்றிலும் சட்டமும் நடுவில் குறுக்குச் சட்டமும் உள்ள அடிப்பகுதியோ வேண்டும். ரேக்கிலும் இந்த இரண்டு வகைகளையே ஏற்றலாம். அதிலும் மூன்று சட்ட வகையில், சட்டங்கள் இரண்டு விட்டங்களையும் குறுக்காகக் கடந்து அமர வேண்டும். விட்டத்துக்கு இணையாகத் திருப்பி வைத்தால் நடுச் சட்டத்துக்கு அமர இடமே இருக்காது. பேலட் நடுவில் தொய்ந்து உள்ளே இறங்கிவிடும்.

ரேக்கைப் பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் உயிருக்கு ஆபத்து வரக்கூடிய இடம் அது. மரமும் இரும்பும் பாரம் ஏற்றியவுடன் வளைய வேண்டிய அளவு வளைந்து பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். பிளாஸ்டிக் அப்படி நிற்பதில்லை. அதே பாரம் மேலே இருக்கும்வரை நாள்தோறும் சிறிது சிறிதாக இறங்கிக்கொண்டே இருக்கும், வெப்பம் கூடினால் இன்னும் வேகமாக இறங்கும். தயாரிப்பாளர் தரும் எண் பெரும்பாலும் சாதாரண அறை வெப்பநிலைக்கு உரியது. சித்திரை, வைகாசியில் தகரக் கூரைக்கு நேர் கீழே, அதாவது ரேக்கின் மேல் அடுக்கில், நண்பகலில் நிலவும் வெப்பம் அதுவல்ல. உங்கள் சரக்கோ ஒரு நாள் இருந்து மறுநாள் போவது அல்ல. மிளகாய் விலைக்காக மாதக்கணக்கில் காத்திருக்கும். ஆகவே ரேக் எடை எந்த வெப்பநிலையில், எத்தனை நாளுக்கு, எத்தனை மில்லிமீட்டர் தொய்வு வரை என்று கேளுங்கள். பேலட் சோதனைக்கு ஐ.எஸ்.ஓ. 8611 என்ற பன்னாட்டுத் தரம் இருக்கிறது. அதன்படி சோதித்த அறிக்கை கையில் இருப்பவரிடம் வாங்குவது நல்லது.

அறிக்கை இருந்தாலும் இல்லாவிட்டாலும், மாதிரிக்கு ஒரு பேலட்டை வாங்கி நீங்களே ஒரு சோதனை செய்துவிடலாம். ரேக் விட்டங்கள் எவ்வளவு இடைவெளியில் வரப்போகின்றனவோ அதே இடைவெளியில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இரண்டு உறுதியான மரக்கட்டைகளைக் கிடத்தி, அவற்றின் மேல் பேலட்டை வைத்து, நீங்கள் ஏற்ற நினைக்கும் முழு எடையையும் ஏற்றுங்கள். நடுப்பகுதி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று முதல் நாள் நண்பகலில் அளந்து குறித்துக்கொண்டு, ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்து மறுபடியும் அளந்து பாருங்கள். இறக்கம் நிற்காமல் தொடர்ந்தால் அந்தப் பேலட் உங்கள் ரேக்குக்கு ஆகாது. சோதனையின்போது கீழே யாரும் கையை நீட்டக் கூடாது.

தொய்வைக் குறைப்பதற்காக ரேக் பேலட்டுகளுக்குள் இரும்புக் குழாய்களைச் செருகித் தருகிறார்கள். வேறு ஊர்களில் இதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்வேன். ராமநாதபுரம் கடற்கரையில் அப்படிச் சொல்ல மாட்டேன். உப்புக் காற்றும், கருவாட்டிலிருந்து கசியும் உப்பு நீரும், கழுவும் தண்ணீரும் குழாயின் வாய்வழியே உள்ளே போய்த் தங்கிவிட்டால் வெளியே வர வழியிருக்காது. வெளியிலிருந்து பார்க்கும்போது பிளாஸ்டிக் புதிதுபோல இருக்கும். உள்ளே இரும்பு அரித்துக்கொண்டிருக்கும். கருவாட்டுக் கிட்டங்கி ஒன்றில் பேலட்டின் ஓரத்திலிருந்து செந்நிற நீர் வடிந்து கீழ்ச் சாக்குகளைக் கறைப்படுத்தியதைப் பார்த்த பிறகுதான் குழாயை உருவிப் பார்த்தோம். அது கையோடு பொடிந்து வந்தது. இரும்பு உள்ள பேலட்டை வாங்கினால், துத்தநாகப் பூச்சு உள்ள குழாயா, அதன் இரு முனைகளும் நீர் புகாதபடி பிளாஸ்டிக்காலேயே மூடப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். மூடி வெறுமனே அழுத்தி வைக்கப்பட்டிருந்தால் அது சில மாதங்களில் கழன்றுவிடும். இப்படிப்பட்ட பேலட்டை ரேக்குக்கும் உலர்ந்த சரக்குக்கும் மட்டும் வைத்துக்கொண்டு, உப்புப் பக்கம் கொண்டுபோகாமல் இருப்பதே என் பரிந்துரை.

உப்புக்குத் தேவையானது மிக எளிமையானது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது உப்பு காற்றிலிருந்து நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். மெக்னீசியம் கலந்த உப்பு அதற்கு முன்பே கசியும். நம் கடற்கரையில் இரவுகளில் அந்த அளவை எட்டுவது அரிதன்று. மேல்தளம் முழுவதும் மூடிய பேலட்டில் அந்த நீர் தேங்கி, அடிச் சாக்கு ஊறி, காய்ந்த பின் சாக்கும் பேலட்டும் ஒன்றாக இறுகிவிடும். ஆகவே நீர் வடிந்து போகும்படி துளைகள் உள்ள மேல்தளம், இரும்பே இல்லாத ஒற்றை வார்ப்பு, தரையில் ஓர் அட்டி. இந்த ஓர் இடத்துக்கு உங்கள் விற்பனையாளர் காட்டிய மலிவான கறுப்புப் பேலட் போதும், ஆனால் மேலே பேலட் மீது பேலட் ஏற்றாமல். 50 கிலோ மூட்டைகளை ஒரு வரிசைக்கு ஐந்தாக நான்கு வரிசை போட்டால் ஒரு டன் ஆகிவிடும். ஹேண்ட் பேலட் டிரக்கால் நகர்த்துவதற்கு அதற்கு மேல் வேண்டாம். உணவு உப்பாக இருந்தால் சாக்கின் உள்ளே பாலிதீன் உறை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மிளகாய்க்கும் கருவாட்டுக்கும் அந்தக் கறுப்புப் பேலட் கூடாது. கறுப்பு நிறத்தில் குற்றமில்லை. வெயிலைத் தாங்குவதற்குக் கார்பன் கருமையைப்போல நல்ல காப்பு வேறு இல்லை. ஆனால் மலிவான கறுப்புப் பேலட் பெரும்பாலும் மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கால் ஆனது. அந்தப் பிளாஸ்டிக் முன்பு எண்ணெய் டப்பாவாக இருந்ததா, பூச்சிமருந்துக் கேனாக இருந்ததா என்று நமக்குத் தெரியாது. சணல் சாக்கு எதையும் தடுக்காது. புதிய பிளாஸ்டிக்கால் செய்த, உணவுத் தொடர்புக்கு ஏற்றது என்று சான்று தரக்கூடிய பேலட்டைக் கேளுங்கள். பாலிஎத்திலீனுக்கு ஐ.எஸ். 10146, பாலிபுரொப்பிலீனுக்கு ஐ.எஸ். 10910 என்பவை இந்தியத் தரங்கள். சான்று இல்லாவிட்டால், குறைந்தது பேலட்டை வெயிலில் ஒரு மணி நேரம் வைத்து முகர்ந்து பாருங்கள். மறுசுழற்சிப் பொருளில் கெட்ட வாடை பெரும்பாலும் எழும்.

இரண்டு சரக்குக்கும் ஒரே பேலட்டை மாற்றி மாற்றிப் பயன்படுத்தாதீர்கள். பாலிஎத்திலீன் எண்ணெய்ப் பசையையும் வாடையையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும்; கழுவினாலும் முழுதாகப் போகாது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மிளகாயில் கருவாட்டு வாடை ஏறினால் வாங்குபவர் மறுபடி வரமாட்டார். மிளகாய்க்கு நீலம், கருவாட்டுக்கு வேறு நிறம் என்று வைத்துக்கொண்டால் ஆட்களுக்குப் பார்த்தவுடன் தெரியும். மிளகாய்க்குத் தளத்தில் துளை வேண்டும், ஆனால் சிறிய துளையாக வேண்டும். ஈரம் 11 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாத சரக்கு அது. சிமெண்டுத் தளத்திலிருந்து ஏறும் ஈரத்தைக் காற்று கொண்டுபோக வழி வேண்டும், அதே சமயம் அகலமான துளைகளில் சாக்கு புதைந்து மிளகாய் உடையவும் கூடாது. சுவரிலிருந்து இரண்டடி தள்ளி அட்டி போடுவதைப் பேலட் வந்த பிறகும் கைவிட வேண்டாம். கருவாட்டுக்கோ உள்ளே பொந்து இல்லாத, எல்லா மூலைக்கும் துடைப்பம் எட்டும் பேலட் வேண்டும். கருவாட்டை அரிக்கும் வண்டின் புழு கூட்டுப்புழுவாக மாறும் பருவத்தில் மரத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும் வழக்கம் உடையது. உங்கள் பனஞ்சட்டங்களை எவ்வளவு சுத்தம் செய்தும் வண்டு திரும்பத் திரும்ப வந்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். அவற்றைக் கருவாட்டுப் பக்கத்திலிருந்து முதலில் அகற்றிவிடுங்கள்.

குளிர் அறைக்கு எச்.டி.பி.ஈ. எனப்படும் உயர் அடர்த்திப் பாலிஎத்திலீன் பேலட் மட்டும். பாலிபுரொப்பிலீன் வெப்பத்தில் விறைப்பாக நிற்கும், ரேக்குக்கு நல்லதுதான்; ஆனால் சாதாரண வகை பூச்சியம் டிகிரியை ஒட்டியே நொறுங்கும் தன்மைக்கு மாறத் தொடங்கிவிடும். மைனஸ் 18இல் ஃபோர்க் கம்பி இடித்தால் ஓரம் உடைந்து தெறிக்கும். அட்டைப்பெட்டிகளின் அடியில் குளிர்காற்று போக வேண்டும் என்பதால் இங்கும் துளைத் தளமே நல்லது. உள்ளே வெற்றிடம் உள்ள, சுழல் வார்ப்பில் செய்த பேலட்டை எடுத்தால், அதில் சிறு விரிசல் விழுந்தாலும் கழுவும் நீர் புகுந்து உறைந்து விரிசலை இன்னும் பிளக்கும். தூக்கும்போது வழக்கத்தைவிடக் கனமாகத் தெரியும் பேலட்டை உடனே வெளியே எடுத்துவிடுங்கள். மீன் கழுவும் இடத்துக்கு ஆனால் அந்தச் சுழல் வார்ப்பு வகையே மிக நன்று, ஏனெனில் அதில் அழுக்கு தங்கும் இடுக்குகள் இல்லை.

அளவைப் பொறுத்தவரை 1200க்கு 1000 மில்லிமீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ரேக் செய்பவர்கள் பெரும்பாலும் அதற்கே அளவு வைத்திருப்பார்கள். தூத்துக்குடியிலிருந்து குளிர் கண்டெய்னரில் பேலட்டோடு ஏற்றி அனுப்புவதாக இருந்தால் மட்டும் வாங்குபவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். அந்தக் கண்டெய்னரின் உள் அகலம் ஏறத்தாழ 2.29 மீட்டர், 1140 அளவுப் பேலட் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு சென்டிமீட்டர்தான் மிஞ்சும். மரப் பேலட்டை ஏற்றுமதிக்கு அனுப்பினால் 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றி முத்திரை பெறுவது போன்ற விதிகள் உண்டு. பிளாஸ்டிக்குக்கு அவை இல்லை.

வாங்கும் முன் உங்கள் ஹேண்ட் பேலட் டிரக்கைத் தள்ளிப் பார்த்தே தீர வேண்டும். கம்பி தாழ்ந்த நிலையில் 85 மில்லிமீட்டர் அளவு உயரம் இருக்கும், ஆகவே பேலட்டில் கம்பி நுழையும் வாய் அதைவிடச் சற்று உயரமாக இருக்க வேண்டும். முன்சக்கரங்கள் அடிச் சட்டத்தின் மேல் ஏறி நிற்காமல் இடைவெளியில் தரையைத் தொட வேண்டும். இருபுறமும் ஒரே மாதிரி தளம் உள்ள பேலட்டை இந்த வண்டியால் தூக்க முடியாது.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கும் ஒரு வார்த்தை. 2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. பேலட்டின் உயரம் பொதுவாக 15 சென்டிமீட்டர்தான். அந்த மாதங்களில் மிளகாய்க்கு அடியில் காலிப் பேலட் ஒன்றைக் கூடுதலாக வையுங்கள். எச்.டி.பி.ஈ. தண்ணீரில் மிதக்கும்; மீதமுள்ள காலிப் பேலட்டுகளைக் கட்டி வையுங்கள். அவற்றை மின்பெட்டிக்கு அருகில் அடுக்கவே வேண்டாம், தீப்பிடித்தால் எடைக்கு எடை மரத்தைப்போல இரு மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கக்கும்.

எல்லாவற்றையும் ஒரே தவணையில் வாங்க வேண்டிய அவசரம் உங்களுக்கு இல்லை. உப்புக்கான பேலட்டை இப்போதே வாங்கிவிடலாம். மிளகாய்க்கு வாங்குவதை, ரேக் வரும்போது மேலே ஏற்றக்கூடிய மூன்று சட்ட வகையாகவே வாங்கி, அதுவரை தரையில் பயன்படுத்துங்கள். குளிர் அறைப் பேலட்டுகளை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் மாற்றுங்கள். அறை ஏறத்தாழக் காலியாக இருக்கும் அந்த 61 நாட்களில் பழையதை வெளியேற்றி, தளத்தைக் கழுவி, புதிய பேலட்டில் வண்டி எல்லா மூலையிலும் திரும்புகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். ரேக் செய்பவரிடம் ஆர்டர் கொடுக்கும்போது, வாங்கி வைத்த பேலட் ஒன்றையே கையோடு கொண்டுபோய்க் காட்டி, ரேக் விட்டங்களுக்கு இடையிலான இடைவெளியை அளக்கச் சொல்லுங்கள்.