வாசகர் கேள்வி – பதில்: பெயர் பொறித்த விருந்துத் தட்டுகள்

கேள்வி: அப்பாவின் மணிவிழாவையொட்டி, நெருங்கிய உறவினர் 12 பேருக்கு வீட்டிலேயே இரவு விருந்து வைக்கிறோம். அவரவர் பெயர் பொறித்த களிமண் தட்டுகளை என் கையாலேயே செய்ய ஆசை. மட்பாண்டப் பயிற்சி வகுப்பில் அடிப்படை கற்றிருக்கிறேன். விருந்துக்கு இரண்டு மாதம் இருக்கிறது. அவற்றில் சாம்பார், ரசம் பரிமாறலாமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: தாராளமாகப் பரிமாறலாம், ஆனால் எந்த மண், எவ்வளவு சூடு, என்ன மெருகு (சூட்டில் உருகிக் கண்ணாடிபோல் படியும் மேல்பூச்சு) என்ற மூன்றையும் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். குறைந்த சூட்டில் வெந்த செம்மண் பாண்டம் மெருகுப்பூச்சு இல்லாவிட்டால் எண்ணெயையும் புளிக்குழம்பையும் உறிஞ்சிக்கொள்ளும். 1200 டிகிரி செல்சியசுக்கு மேல் சுடப்படும் ஸ்டோன்வேர் மண்ணோ இறுகிக் கெட்டிப்படுவதால் நம் சமையலுக்கு நன்றாக ஈடுகொடுக்கும். மெருகுப்பூச்சில் ஈயம் இல்லை என்பதைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். ஏனெனில், புளி, தயிர், எலுமிச்சை போன்ற புளிப்புப் பொருள்கள் அதைக் கரைத்து உணவில் சேர்த்துவிடும். சுட்டெடுத்த மாதிரித் துண்டொன்றின் மேல் எலுமிச்சைத் துண்டை இரவு முழுவதும் வைத்திருந்து, காலையில் அந்த இடம் நிறம் மாறியிருந்தால் அந்த மெருகை உணவுப் பாத்திரத்துக்குப் பயன்படுத்த வேண்டாம். நிறம் மாறவில்லை என்பதை மட்டும் வைத்து ஈயம் இல்லை என்று முடிவுகட்டிவிடவும் கூடாது.

என்னைக் கேட்டால், பெரிய தட்டுகளை விட்டுவிட்டுப் பாயசக் கிண்ணங்கள் செய்யுங்கள் என்பேன். அகலமான தட்டு காயும்போதே விளிம்பு தூக்கிக்கொள்வது கைதேர்ந்தவர்களுக்கும் நேர்கிற தொல்லை. தட்டுதான் வேண்டுமென்றால், மண் காய்ந்து வெந்து முடிவதற்குள் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு சுருங்கும் என்பதால், 25 செ.மீ. தட்டுக்குச் சுமார் 28.5 செ.மீ. அகலத்தில் வெட்ட வேண்டும். பிளாஸ்டிக் தாளால் தளர்வாக மூடி, மெதுவாகக் காயவிட வேண்டும். ஈரம் முழுவதும் போகாமல் சூளையில் வைத்தால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி மண்ணையே உடைத்துவிடும்.

பெயரை எழுத ஏற்ற பருவம், மண் தோலைப் போல விறைத்து, விரல் பட்டால் பள்ளம் விழாத நிலை. ஊசியால் கீறும்போது ஓரத்தில் எழும் பிசிறுகளை அப்போதே தேய்க்காமல், நன்கு காய்ந்தபின் தூரிகையால் தட்டிவிடுங்கள். ‘ணி’, ‘ஞ’ போன்ற சுழி மிகுந்த எழுத்துகளைச் சற்றுப் பெரிதாகவே எழுதுங்கள். இல்லாவிட்டால் மெருகு உள்ளே தேங்கிச் சுழி அடைந்துவிடும். பாத்திரத்தின் அடியில் பட்ட மெருகை ஈரப் பஞ்சால் துடைக்க மறந்தால், அது சூளைப் பலகையோடு ஒட்டிக்கொள்ளும். இருமுறை சுட வேண்டியிருப்பதாலும், பயிற்சிக் கூடங்களில் சூளை நிறையும்வரை காத்திருக்க நேர்வதாலும் இந்த வாரமே தொடங்குங்கள். விரிசல் விட்டவற்றுக்கு மாற்றாக மூன்று நான்கு கூடுதலாகவும் செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: கடையில் வாங்கிய வெள்ளைப் பீங்கான் தட்டில் பீங்கான் பேனாவால் பெயர் எழுதினால் போதாதா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: போதும், ஆனால் உணவு படாத அடிப்பக்கத்தில் மட்டும் எழுதுங்கள். மை உலர்ந்தபின், சூடேறாத ‘அவன்’ (oven) அடுப்பில் தட்டை வைத்து, பேனாவின் உறையில் கண்ட அளவுக்கு வெப்பத்தைக் கூட்டி, பிறகு உள்ளேயே ஆறவிடுங்கள். சுடச்சுட வெளியே எடுத்தால் தட்டு விரிசல் விடக்கூடும். கழுவும்போது கம்பி நார் வேண்டாம்.